வட்டத்துக்குள் ஐந்து புள்ளிகள்

ஆய்வகத்தில் சேர்ந்த புதிதில் பாக்டீரியா வளர்க்கும் ஒரு பெட்ரி தட்டை அவசரப்பட்டுத் தூக்கிப் போட்டேன். இன்றும் உறுத்துகிறது.

ஒரு பாக்டீரியாவுக்கு எந்த மருந்து கேட்கும் என்று பார்க்கும், பெரிய வித்தை ஒன்றும் இல்லாத சோதனை அது. முல்லர்-ஹின்டன் அகார் என்ற கூழ்ம ஊட்டத்தின் மேல் பாக்டீரியாவைப் பஞ்சுக்குச்சியால் சீராகத் தடவி, மருந்து ஊறிய காகித வில்லைகளைப் பதித்து, 35 டிகிரியில் ஓர் இரவு விட்டுவிட வேண்டும். மருந்து கேட்டால் வில்லையைச் சுற்றித் தெளிந்த வட்டம் விழும். விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து அட்டவணையைப் பார்ப்போம். அன்று வட்டம் நன்றாகவே விழுந்திருந்தது. ஆனால் உள்ளே கடுகை விடச் சிறிதாக ஐந்து காலனிகள், அதாவது பாக்டீரியா வளர்ந்த புள்ளிகள். என் கைவேலையில்தான் ஏதோ கலந்துவிட்டது என்று நானே தீர்ப்பெழுதி, விட்டத்தை மட்டும் குறித்துக்கொண்டு தட்டை, நீராவியில் கிருமிகளைக் கொல்லும் ஆட்டோகிளேவுக்கு அனுப்பிவிட்டேன்.

"அந்த ஐந்தையும் எடுத்து வளர்த்துப் பார்த்தீர்களா?" என்றார் வழிகாட்டி. இல்லை என்றேன். "கலப்படம் என்றால் அதுவாவது தெரிந்திருக்குமே."

நல்லவேளை, மூலப் பாக்டீரியா மைனஸ் 80 டிகிரியில் பத்திரமாக இருந்தது. மறுபடி செய்தேன்; மறுபடியும் புள்ளிகள். அதே பாக்டீரியாதான். அவற்றை மட்டும் வளர்த்துச் சோதித்தபோது வட்டம் பாதியாகச் சுருங்கியது. கூட்டத்தில் பெரும்பான்மை மருந்துக்கு மடிய, ஒரு சிறு கும்பல் அசையாமல் நின்றிருக்கிறது. மருந்து கேட்கும் என்று நான் எழுதிய குறிப்பைச் சிவப்பு மையால் அடித்தேன்.

இப்போது வேலை ஃபேஜ்களோடு. பாக்டீரியாவைத் தின்னும் இந்த வைரஸ்களுக்கு நுண்ணுயிரியலாளர் டெரெல் 1917-இல் பெயர் வைத்தார். ஆன்டிபயாட்டிக் வந்ததும் ஃபேஜ் சிகிச்சையைப் பல நாடுகள் மறந்தன, ஜார்ஜியா நாட்டின் திபிலிசியில் விடாமல் செய்தார்கள். பாக்டீரியா தடவிய தட்டில் ஃபேஜ் துளி விழுந்த இடமும் மறுநாள் கண்ணாடிபோல் தெளிகிறது. இரண்டாம் நாள் அங்கேயும் புள்ளிகள்! சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா தனக்குள் வரும் மருந்தை வெளியே இறைக்கும் பம்பையே வாசலாக்கி நுழையும் ஒரு ஃபேஜைப் பற்றி 2016-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. ஃபேஜிடமிருந்து தப்பிக்கப் பாக்டீரியா பம்பை இழந்தால், பழைய மருந்துக்கு அகப்பட்டுக்கொள்கிறது. அழகான பொறி.

எங்களிடம் இருப்பது அந்த ஃபேஜ் அல்ல. ஆனாலும் ஆசை விடவில்லை. தப்பிய புள்ளிகளைப் பொறுக்கி மருந்து வில்லை வைத்தோம். பெரும்பாலானவற்றில் மாற்றமே இல்லை. இரண்டில் மட்டும் வட்டம் சற்று விரிந்தது போலிருந்தது. நான் அளந்தால் 17, வழிகாட்டி அளந்தால் 16. மீண்டும் தடவி வைத்திருக்கிறோம்.