கட்டிலை முன்னால போடட்டா?

மணவாளக்குறிச்சிப் பக்கம் வீடு வீடாகக் கதிர்வீச்சு அளந்த நாட்களில் ஒரு அக்கா கேட்ட கேள்வி இது. பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது. இப்போது நாகர்கோவிலில் ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிறேன். கர்ப்பிணி யாராவது அறைக்குள் வந்தால் அந்தக் கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது.

வேலை எளியதுதான். மீட்டரைத் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் பிடித்து, எண் நிலைக்கும்வரை நின்று, படிவத்தில் எழுத வேண்டும். அந்த வீட்டில் பின்னறை பழையது. கடற்கரை மண்ணை அள்ளிப் போட்டு நிரப்பி மேலே சிமெண்ட் பூசியிருந்தார்கள். ஒரு மூலையில் சிமெண்ட் பெயர்ந்திருந்தது. எறும்புகள் அந்தப் பொத்தல் வழியே கருமணலைக் கொண்டுவந்து சின்ன வளையமாகக் குவித்து வைத்திருந்தன. முன்னறை பிறகு கட்டியது, செம்மண் நிரப்பியது. முன்னறையைவிடப் பின்னறையில் எண் கிட்டத்தட்ட மூன்று மடங்கு காட்டியது. அங்கேதான் அவருடைய மகள் படுத்திருந்தார். தலைப்பிரசவத்துக்கு வந்தவர்.

எண் ஏறுவதை அக்காவும் பார்த்துக்கொண்டுதான் நின்றார்.

"மக்கா, இந்த ரூம்ல கூடுதலா காட்டுதா?"

"ஆமாக்கா."

"அப்பம் கட்டில முன்னால எடுத்துப் போடட்டா?"

"அதெல்லாம் தேவையில்லக்கா. மண்ணுல காலங்காலமா உள்ளதுதானே. பயப்படாண்டாம்."

"சரி மக்கா" என்றார். கட்டன்சாயா கொடுத்தார். குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன்.

நான் சொன்னது பொய் இல்லை. கேரளத்தில் கொல்லம் மாவட்டம் கருநாகப்பள்ளியிலும் இதே மணல்தான், இயற்கையாகவே கதிர் வீசும் தோரியம் உள்ள மோனசைட் என்ற கனிமம் கலந்தது. அங்கே சுமார் 70,000 பேரைச் சராசரியாகப் பத்து ஆண்டுக்கு மேல் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2009இல் வெளியானது. மண்ணிலிருந்து வரும் காமாக் கதிரால் புற்றுநோய் கூடியதாக அதில் தெரியவில்லை. அந்த ஆய்வைப் படித்துவிட்டுத்தான் நான் வேலைக்குப் போயிருந்தேன். அதன் தைரியத்தில்தான் சொன்னேன்.

ஆனால் கூடியதாகத் தெரியவில்லை என்பதும், கூடவே செய்யாது என்பதும் ஒன்றல்ல. ஆய்வு முதலாவதைச் சொன்னது. நான் அக்காவிடம் இரண்டாவதைச் சொன்னேன். அது பெரியவர்களுக்கு வரும் புற்றுநோயைப் பற்றிய ஆய்வு, அக்கா கேட்டதோ வயிற்றுப் பிள்ளையை நினைத்து. இதுவும் எனக்கு அன்றே தெரியும்.

காலங்காலமா உள்ளது என்றதும் உண்மைதான். மோனசைட்டில் இருக்கும் தோரியத்தின் அரை ஆயுள் சுமார் 1,400 கோடி ஆண்டு. அதற்காக அது கெடுதல் செய்யாது என்று ஆகிவிடுமா?

கதிரியக்கச் சிதைவு விதியை நினைத்துக்கொள்வேன். இத்தனை தோரியத்தில் பாதி சிதைய எவ்வளவு காலம் ஆகும் என்று அது கச்சிதமாகச் சொல்லும். அடுத்த நொடி எந்த அணு சிதையும் என்று கேட்டால் அதனிடம் பதில் கிடையாது. 70,000 பேரைப் பற்றிய ஆய்வும் அப்படித்தான். அக்கா கேட்டது ஒரு பிள்ளையைப் பற்றி.

குறைந்த அளவுக் கதிர் விஷயத்தில் நாம் வைத்திருப்பது விதிகூட இல்லை, ஒரு அனுமானம். ஹிரோஷிமா, நாகசாகியில் குண்டுக்குத் தப்பியவர்களிடம் கண்ட பாதிப்பைப் பெரும்பாலும் அடிப்படையாக வைத்து, ஒரு நேர்கோட்டைப் பூஜ்யம்வரை இறக்கியிருக்கிறார்கள். கோடு அவ்வளவு கீழேயும் நேராகத்தான் போகிறதா என்பதில் இன்னும் சண்டை ஓயவில்லை. ஆனாலும் எங்கள் தொழில் அதை நம்பித்தான் நடக்கிறது. முடிந்த அளவுக்குக் குறைவாக என்பதுதான் எங்களுக்குப் பாடம். சட்டைப்பையில் என்மேல் படும் கதிரைப் பதிவு செய்யும் பேட்ஜ் மாட்டியிருக்கிறேன், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதைக் கணக்குப் பார்க்கிறார்கள். உடம்பு வாங்கும் கதிரை மில்லிசீவர்ட்டில் அளப்பார்கள். எனக்கு வரம்பு ஐந்தாண்டுச் சராசரியில் வருஷத்துக்கு 20 மில்லிசீவர்ட். எங்கள் வேலை காரணமாகப் பொதுமக்கள் யாருக்கும் வருஷத்துக்கு 1 மில்லிசீவர்ட்டுக்கு மேல் போகக் கூடாது. மண்ணிலிருந்து வருவதற்கு மட்டும் இந்த வரம்பு எதுவும் இல்லை. மண்ணுக்கு யார் உத்தரவு போட முடியும்? சரி, அது புரிகிறது. ஆனால் உடம்புக்கு அந்த வித்தியாசம் தெரியாதே.

மறுபக்கமும் உண்டு. கட்டிலை எடுத்துப் போடுங்கள் என்று நான் சொல்லியிருந்தால் சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கப் பரவியிருக்கும். நிறைமாதப் பெண்ணுக்குத் தூக்கம் போயிருக்கும். பிள்ளைக்கு எது வந்தாலும், சாதாரணச் சளியே ஆனாலும், அந்த அறையைத்தான் சொல்லியிருப்பார்கள். போதாததற்கு, அளவைப் பற்றி வீட்டுக்காரர்களிடம் விளக்கம் பேசக் கூடாது என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். ஆனால் நான் வாயை மூடிக்கொண்டும் இருக்கவில்லையே. பயப்படாண்டாம் என்றதும் விளக்கம்தான்.

அப்புறம் இதையும் நினைப்பேன்: அக்கா ஆபத்தா என்று கேட்கவே இல்லை. கட்டிலை மாற்றட்டுமா என்று கேட்டார். விஞ்ஞானம் முடிவு சொல்லாத இடத்தில் செலவே இல்லாத ஒரு காரியத்தை அவராகவே கண்டுபிடித்திருந்தார். எங்கள் பாடம் சொல்வதும் அதைத்தான். "தெரியலக்கா, மாத்தணும்னு தோணிச்சுன்னா மாத்திக்கிடுங்க" என்றால் போதும். தெரியல என்று சொல்ல, மீட்டரும் கையுமாக நின்ற எனக்கு மனம் வரவில்லை.

அந்தப் பிள்ளை நன்றாகத்தான் இருக்கும். அப்படித்தான் நினைக்கிறேன். இருந்தாலும் நான் சொன்ன பதில் சரி என்று அது ஆகாது.

மரக்கட்டில்தான், கனமில்லாதது. நான் ஒரு பக்கம் பிடித்திருந்தால் இரண்டு நிமிஷ வேலை.