பத்துக்கு எவ்ளோ?

பெங்களூருல ஒரு ஆஸ்பத்திரியில அஞ்சு வருஷம் கிளினிக்கல் ரிசர்ச் கோஆர்டினேட்டரா இருந்தேன். பேரு கேக்கத்தான் பெருசு, வேலை என்னமோ ஃபைலு, ஜெராக்ஸு, மருந்து ரூம் டெம்ப்பரேச்சரை தினமும் குறிக்கறது, "நாளைக்கு விசிட் இருக்கு, மறந்துடாதீங்க"ன்னு போன் போடறது, இவ்ளோதான். கடைசியா பாத்த ஸ்டடி நாள்பட்ட இடுப்பு வலிக்கு ஒரு புது மாத்திரை, பன்னெண்டு வாரம், பாதி பேருக்கு மருந்து, பாதி பேருக்கு மருந்தே இல்லாத டம்மி மாத்திரை, யாருக்கு எதுன்னு டாக்டருக்கும் தெரியாது எனக்கும் தெரியாது. அல்சூரு, ஸ்ரீராம்புரம், மர்ஃபி டவுன்லருந்து வர்ற தமிழ்க்காரங்க எல்லாரும் என் தலையிலதான்.

கன்சென்ட் ஃபார்ம் தமிழ்ல இருந்துச்சு, ஆனா அந்த தமிழ் எந்த ஊருதுன்னு எனக்கு இன்னி வரைக்கும் தெரியல. "சமவாய்ப்பு முறையில் ஒதுக்கீடு"ன்னு நான் படிச்சுட்டு நிமிந்தா, எதிர்ல இருந்த ஆட்டோ டிரைவர் அண்ணன் "சீட்டு குலுக்கி போடறீங்க, அதானேம்மா?"ன்னாரு. எனக்கு அரை மணி நேர வேலை மிச்சம்.

கஷ்டம் அதுல இல்ல, நம்பர்லதான். 0ன்னா வலியே இல்ல, 10ன்னா இதுக்கு மேல வலியே இருக்க முடியாது, போன ஒரு வாரத்துல சராசரியா எவ்ளோ? இந்த ஒரு கேள்வி மேலதான் மொத்த ஸ்டடியும் நிக்குது. மார்க்கெட்ல பூ கட்டற ஒரு அம்மா, அறுபதுக்கு கிட்ட வயசு, முதல் நாளே "வலிக்குதுன்னா வலிக்குது கண்ணு, அதுக்கு இன்னா நம்பரு"ன்னாங்க. நான் மறுபடி விளக்கினேன். விரல்ல இருந்த நார் கறையை தேய்ச்சுக்கிட்டே கொஞ்ச நேரம் யோசிச்சவங்க, "சரி, உனக்கு எவ்ளோ வேணும் சொல்லு, அதையே போட்டுக்க"ன்னாங்க. சிரிப்பு வந்துச்சு, அப்புறம் வயித்தை கலக்குச்சு. ஏன்னா நான் சொல்லித்தரவே கூடாது, முகத்துல கூட காட்டக்கூடாது.

அடுத்தது ஆஸ்வெஸ்ட்ரின்னு ஒரு ஃபார்ம், 1980லருந்து உலகம் முழுக்க ஓடுது, பத்து பிரிவு, இடுப்பு வலியால எந்தெந்த வேலை முடியலன்னு கணக்கு எடுக்க. அதுல உக்கார்றதை பத்தின பிரிவுல "எனக்குப் பிடிச்ச நாற்காலியில் மட்டும்"னு ஒரு பதில் வரும். விடியக்காலம் மூணு மணியிலருந்து கோணி மேல சம்மணம் போட்டு பூ கட்டறவங்க கிட்ட நான் பிடிச்ச நாற்காலி எதுன்னு கேக்கறேன்! "எங்க வீட்ல ஒண்ணுதான் இருக்குது, அதுல துணி கெடக்குது"ன்னாங்க.

இன்னொரு கூத்து, ஸ்டடிக்குள்ள வரணும்னா வலி ஒரு அளவுக்கு மேல இருக்கணும். எவ்ளோன்னு நாங்க வெளிய சொல்லக்கூடாது, ஆனா வராண்டா பெஞ்சுக்கு எல்லாம் தெரியும், "அஞ்சுக்கு கொறையாம சொல்லு, அப்பத்தான் எடுத்துக்குவாங்க"ன்னு ஒருத்தர் காதை ஒருத்தர் கடிச்சுக்கிட்டு இருப்பாங்க. நாலு இருக்கறவங்க ஆறுன்னு சொல்லி உள்ள வந்துட்டு, ரெண்டு வாரத்துல உள்ளது உள்ளபடி நாலுன்னா, பேப்பர்ல அது முன்னேற்றம். அதுவும் இல்லாம மனுஷங்க வலி உச்சத்துல இருக்கும்போதுதான் ஆஸ்பத்திரிக்கு வருவாங்க, இடுப்பு வலி ஏறி இறங்கற ஜாதி, எதையும் குடுக்காம விட்டாலும் கொஞ்சம் இறங்கும். அதனால டம்மி சாப்பிட்டவங்களுக்கும் நல்லா கேக்கும், மருந்து எவ்ளோ எகிறினாலும் அதை தாண்டறது கஷ்டம்.

இது எங்க ஊரு கதை மட்டும் இல்ல. ஆஸ்திரேலியாவுல சுமார் 1,650 பேரை வச்சு பாராசிட்டமால் டிரையல் பண்ணி 2014ல லான்செட்ங்கற மருத்துவ பத்திரிகையில போட்டாங்க, திடீர்னு வந்த இடுப்பு வலி சரியாகறதுக்கு மாத்திரைக்காரங்களுக்கு 17 நாள், டம்மிக்காரங்களுக்கு 16 நாள். 2023ல அதே ஊர்ல 347 பேருக்கு ஓபியாய்ட் மாத்திரையை, அதான் மார்ஃபின் ஜாதி வலி மாத்திரையை, வச்சு பாத்தாங்க, ஆறு வாரத்துல அதுக்கும் டம்மிக்கும் வித்தியாசம் இல்ல. சுஸெட்ரிஜின்னு ஒரு புது மருந்து, ஓபியாய்ட் இல்லாத வலி மருந்துன்னு ஏக எதிர்பார்ப்பு, இடுப்புலருந்து கால்ல இறங்கற நரம்பு வலிக்கு பண்ண டிரையல் ரிசல்ட் 2024 டிசம்பர்ல வந்துச்சு, மருந்துல 2.02 பாயிண்ட் குறைஞ்சுது, டம்மியில 1.98. அந்த நம்பரை படிச்சப்போ எனக்கு பூக்காரம்மா முகம்தான் வந்துச்சு.

டைரி கதை தனி. தினமும் ராத்திரி நம்பர் எழுதணும்னு குடுத்து அனுப்புவோம். ஒருத்தர் கொண்டு வந்ததுல பதினாலு நாளும் ஒரே பச்சை மை, ஒரே சாய்வு, பதினாலாவது நாள் நாளைக்கு தேதி. ஸ்டடி ஃபைலை சரிபாக்க வர்ற மானிட்டர் அதை புடிச்சுட்டு என்னைத்தான் கேட்டாரு. நியாயம்தான், ஆனா பன்னெண்டு மணி நேரம் ஆட்டோ ஓட்டிட்டு வந்து படுக்கறவரை நான் எங்க போய் எழுப்பறது.

பூக்காரம்மா ஒரு விசிட் தவறல. வந்தா ஒரு மணி நேரம் பேசுவாங்க, மருமக, வாடகை, மல்லி விலை, எல்லாம். அவங்க நம்பர் ஏழுலருந்து மூணுக்கு வந்துச்சு. மாத்திரையாலயா, வாரம் தவறாம ஒருத்தி உக்காந்து "எப்படி இருக்கீங்க"ன்னு கேட்டதாலயா, அதுக்கு எங்க ஃபார்ம்ல கட்டம் இல்ல.

ஸ்டடி முடிஞ்சுது, மிச்ச மாத்திரையை எண்ணி திருப்பி அனுப்பிட்டோம், கம்பெனி அந்த மருந்தை அதோட நிறுத்திருச்சு. யாருக்கு எது போச்சுன்னு எங்க கைக்கு லிஸ்ட் வரவே இல்ல. ரெண்டு மாசம் கழிச்சு அந்தம்மா போன், "கண்ணு, அந்த வெள்ள மாத்திர இன்னும் கொஞ்சம் கெடைக்குமா?"

இல்லம்மா, வராதுன்னேன். எதை சாப்பிட்டாங்கன்னு கேட்டாங்க, எனக்கே தெரியாதும்மான்னேன், நம்பல. எங்க ஃபிசியோ மேடம் கிட்ட வியாழக்கிழமைக்கு பேரு எழுதி வச்சேன், எக்சர்சைஸ் சொல்லித்தருவாங்க, போய் பாருங்கன்னு.

"அங்கயும் நம்பரு கேப்பாங்களா?"

"கேப்பாங்கம்மா."

"அப்ப நீயே ஆறுன்னு எழுதி வச்சிரு, நான் வந்து ஒக்காந்துக்கறேன்."