விளைச்சல் மறுமுறை வராதபோது

வேதியியலில் முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர விரும்பும் மாணவர்கள் பலரும் எந்த உட்பிரிவுக்கு எதிர்காலம் உண்டு என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அவர்களிடம் நான் வலியுறுத்திச் சொல்வது வேறு: ஒரு வேதிவினையில் ஒருமுறை கிடைத்த விளைச்சல், அதாவது விளைபொருளின் அளவு, மறுமுறை கிடைக்காதபோது அந்த ஆய்வுக்குழு என்ன செய்கிறது என்று விசாரியுங்கள்.

1899-இல் பிரான்சின் லியோன் நகரில் பிலிப் பார்பியே, துத்தநாகத்துக்குப் பதிலாக மெக்னீசியத்தைப் பயன்படுத்தி, எல்லாவற்றையும் ஒரே குடுவையில் சேர்த்து ஒரு வினையைச் செய்து பார்த்தார். விளைச்சல் சீராக அமையவில்லை. அந்தச் சிக்கலைத் தம் மாணவர் விக்டர் கிரிக்னார்டிடம் ஒப்படைத்தார். கிரிக்னார்டு ஆல்க்கைல் ஹாலைடையும் (ஹாலஜன் அணு இணைந்த கார்பன் சேர்மம்) மெக்னீசியத்தையும் ஈதர் என்னும் கரைப்பானில், ஈரமில்லாமல், முதலில் தனியே வினைபுரியச் செய்து, அதன்பின் கார்பனைல் சேர்மத்தை (கார்பனும் ஆக்சிஜனும் இரட்டைப் பிணைப்பில் இணைந்த சேர்மம்) சேர்த்தார். 1901-இல் அதுவே அவருடைய முனைவர் பட்ட ஆய்வேடாகி, 1912-இல் நோபல் பரிசையும் பெற்றுத் தந்தது. நெறியாளருக்குப் பிடிபடாத ஒன்றை மாணவர் பொறுமையாகப் பிரித்துப் பார்த்த அந்த வேலையை நான் மிகவும் மதிக்கிறேன்.

இன்றும் அந்த வினை எளிதில் தொடங்குவதில்லை. குடுவையில் சிறிது ஈரம் இருந்தாலும், மெக்னீசியத்தின் மேல் ஆக்சைடு படிந்திருந்தாலும் ஒன்றும் நிகழாது. ஓர் அயோடின் படிகத்தைப் போட்டு, பழுப்பு நிறம் மறைந்து ஈதர் தானாகவே கொதிக்கத் தொடங்கும்வரை காத்திருக்க வேண்டும். 'வினை தொடங்கவில்லை' என்று மட்டும் எழுதிய குறிப்பேடு அடுத்து வருபவருக்கு உதவாது. உலோகத்தின் தோற்றம், கரைப்பானை எப்போது, எப்படி உலர்த்தினோம், குடுவையை எவ்வளவு நேரம் சூடாக்கினோம் என்பவையும் அதில் இருந்தால்தான் காரணத்தைத் தேட முடியும்.

விளைச்சல் கூடுதலாகத் தெரியும்போதும் இதே கவனம் தேவை. ஒரு பொருளில் என்னென்ன சேர்மங்கள் உள்ளன என்று காட்டும் புரோட்டான் என்.எம்.ஆர். (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) நிறமாலையை டியூட்டரோ குளோரோஃபார்ம் என்னும் கரைப்பானில் எடுக்கும்போது, 2.05, 4.12 பிபிஎம் (அந்த நிறமாலையின் அளவுகோல்) அருகே சிகரங்கள் தெரிந்தால், எடைபோட்ட பொருளில் எத்தில் அசிட்டேட் என்னும் கரைப்பான் இன்னும் தங்கியிருக்கக்கூடும். அதைக் கழிக்காமல் எழுதும் சதவீதம் பொய்யாகிவிடும். இதை முதலாண்டு மாணவருக்குச் சுட்டிக்காட்ட மூத்தவர் ஒருவர் ஆய்வகத்தில் இருப்பது பெரும் பேறு.

உதவித்தொகை, கற்பித்தல் பணி, தேர்வுகள் பற்றிய விவரங்களைப் பல்கலைக்கழக அலுவலகமே சொல்லிவிடும். ஆய்வகத்துக்கு நேரில் செல்லும் நாளில், நெறியாளர் இல்லாத நேரமாகப் பார்த்து மூத்த மாணவர்களிடம் பேசுங்கள். முன்பு படித்து முடித்தவரின் குறிப்பேட்டைக் கொண்டு ஒரு வினையைத் திரும்பச் செய்ய முடிந்ததா, முடியாதபோது நெறியாளர் என்ன சொன்னார் என்று கேளுங்கள்.