அந்த 11 விநாடி

வீடியோ சரிபார்க்கும் வேலையை விட்டு எட்டு மாதம் ஆகிறது, அந்த ஒரு வீடியோ மட்டும் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. அன்று என் க்யூவுக்கு வந்ததெல்லாம் விட்ச் டேக் போட்டவைதான். மெழுகுவர்த்தி, டாரட் சீட்டு, பௌர்ணமி வெளிச்சத்தில் வைத்த ஸ்படிகக் கற்கள், "நான் சூனியக்காரி, அதில் எனக்குப் பெருமை" என்று கேமராவைப் பார்த்துச் சொல்லும் பெண்கள். யாராவது கூட்டமாக ரிப்போர்ட் அடித்திருப்பார்கள், நாங்கள் பார்த்துவிட்டு விதிமீறல் இல்லை என்று விட்டுவிடுவோம். எனக்கு அந்தப் பெண்களைப் பிடிக்கும், இப்போதும்தான். பெண்களைத் திட்டவென்றே இருந்த ஒரு சொல்லை ஒருத்தி தானே எடுத்துத் தலையில் சூடிக்கொள்கிறாள் என்றால் அதை நான் ஏன் அழிக்க வேண்டும்?

அதே வரிசையில்தான் அதுவும் வந்தது. 11 விநாடி. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் ஒரு வயதான அம்மா, சேலைத் தலைப்பை வாயோடு அழுத்திப் பிடித்திருக்கிற கை. கேமராவுக்குப் பின்னால் சிரிப்புச் சத்தம், ஒரு ஆண் குரல் "டாயன், டாயன்" என்கிறது. எனக்கு இந்தி வராது. கீழே ஓடிய தானியங்கி மொழிபெயர்ப்பு விட்ச் என்றது, போட்டவன் வைத்த டேகும் அதுவே, பக்கத்தில் நிலா எமோஜி. அடி, ரத்தம், மிரட்டல் எதுவும் கிடையாது.

பக்கத்து சீட் அக்காவிடம், "அக்கா, இதைக் கொஞ்சம் பாருங்களேன், அந்த அம்மா முகமே சரியில்லை" என்றேன்.

"என்ன டேக்?"

"விட்ச்."

"அப்புறம் என்ன, விடு."

விட்டேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அவருக்கும் அன்றைய எண்ணிக்கை முடிய வேண்டுமே. முகம் சரியில்லை என்பதற்கு எங்கள் படிவத்தில் கட்டமும் கிடையாது. ஆனால் மேலே அனுப்பும் பொத்தான் இருந்தது, அரை நிமிட வேலை. அக்காவைக் கேட்டதே அவர் விடு என்று சொல்வார் என்று தெரிந்துதானோ என்று சில நாள் தோன்றுகிறது.

இரண்டு நாளில் அது திரும்பி வந்தது. ரிப்போர்ட் செய்தவர், ஒருவரை இப்படி அழைப்பதே குற்றம் என்று ஒரு வரி எழுதியிருந்தார். அப்போதுதான் தேடிப் படித்தேன். பீகாரில் 1999லும் ஜார்க்கண்டில் 2001லும் இதற்கென்றே சட்டம் வந்திருக்கிறது. முதலில் பெயர் வைப்பார்கள், அடி உதையும் ஊரைவிட்டுத் துரத்துவதும் கொலையும் அதன் பிறகு வரும், அதிலும் துண்டு நிலம் வைத்திருக்கும் விதவை என்றால் கேட்கவே வேண்டாம். வீடியோவை எடுத்துவிட்டோம், சரி, அந்த இரண்டு நாளில் எத்தனை பேர் பார்த்து அந்த அம்மாவை அடையாளம் வைத்துக்கொண்டார்களோ.

பிரிட்டனில் 1951ல் பழைய சூனியச் சட்டத்தை நீக்கிய பிறகுதான் விக்கா என்ற நவீன சூனிய நெறியைப் பரப்பிய ஜெரால்ட் கார்ட்னர் போன்றவர்கள் தங்களை வெளிப்படையாக விட்ச் என்று சொல்லிக்கொண்டார்கள், அந்தப் பெண்களின் பெருமைக்கு வேர் அங்கேதான். அங்கே ஒரு சட்டம் போனதும் பெயரைத் தானே வைத்துக்கொள்ள முடிந்தது. இங்கே அடுத்தவர் வைப்பதைத் தடுக்கவே சட்டம் வேண்டியிருக்கிறது. யார் வைத்த பெயர் என்று பார்த்திருந்தால் போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், ஆனால் தோழிகள் விளையாட்டாக ஒருத்தியை அப்படிக் கூப்பிட்டுச் சிரிக்கும் வீடியோக்களும் தினம் வரும், அவற்றையும் அழித்திருப்பேனோ.

அன்று அடுத்து வந்த வீடியோவில் ஒரு பெண் பச்சை மெழுகுவர்த்தி ஒன்றை ஏற்றி, நிதானமாகத் தன் பெயரைச் சொன்னாள். அதையும் விட்டேன்.