பாலக்கோட்டிலிருந்து மொரீஷியஸுக்கு

ஊர் திரும்பியதும் அப்பாவிடம் செல்போனைக் கொடுத்துப் படங்களைக் காட்டினேன். கடல், கடல், மறுபடியும் கடல் என்று தள்ளிக்கொண்டே போனவர் ஒரு கரும்புக்காட்டுப் படத்தில் நின்றுவிட்டார். காட்டுக்கு நடுவே ஒரு வீட்டு உயரத்துக்குக் கருங்கல் குவியல். "இவ்வளவு கல்லையும் கையாலயா பொறுக்குனாங்க?" என்று கேட்டார். பாலக்கோடு பக்கம் கொல்லையில் கல் பொறுக்கி வரப்பில் போட்டே காலம் கழித்தவருக்கு அந்தப் படம்தான் பிடிபட்டது.

கையால்தான் பொறுக்கினார்கள். மொரீஷியஸ் எரிமலையால் உண்டான தீவு. மண்ணைவிடக் கல் அதிகம். முதலில் அடிமைகளும், 1835-ல் அடிமை முறை ஒழிந்ததை ஒட்டி இந்தியாவிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுபோன ஒப்பந்தக் கூலிகளும் அந்தக் கல்லைப் பொறுக்கிக் குவித்த பிறகுதான் அங்கே கரும்பு நட இடம் கிடைத்தது. குவியல்கள் இன்றும் அப்படியே நிற்கின்றன. நாங்கள் போனது ஜூன் மாதம். கரும்பு பூவிட்டு வெள்ளி நிறத்தில் அசைந்துகொண்டிருந்தது, நடுநடுவே இந்தக் கறுப்புக் கோபுரங்கள்.

காரிமங்கலத்துத் தம்பி ஒருவருக்குத் தை மாதம் கல்யாணம். தேனிலவுக்கு மொரீஷியஸ் போகலாமா என்று கேட்டார். "பீச்சத் தவிர அங்க என்னண்ணா இருக்குது?" என்றும் கேட்டார். அவருக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

நாடு மொத்தமே 2,040 சதுர கிலோமீட்டர்தான். தர்மபுரி மாவட்டத்தில் பாதிகூட இல்லை. மக்கள் சுமார் பன்னிரண்டரை லட்சம். தலைநகர் போர்ட் லூயிஸ். 1968 மார்ச் 12-ல் பிரிட்டனிடமிருந்து விடுதலை. 1992-ல் அதே தேதியில் குடியரசு. இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்கள் சுற்றுலா விசாவுக்கு முன்கூட்டியே அலைய வேண்டாம், இறங்கியதும் இலவசமாகத் தருகிறார்கள். திரும்பி வரும் டிக்கெட், தங்குமிடம் பதிவு செய்த தாள், செலவுக்குப் பணம் இருப்பதற்கான அத்தாட்சி, இந்த மூன்றும் கையில் இருக்கட்டும். நாங்கள் பெங்களூரிலிருந்து மும்பை போய் அங்கிருந்து போனோம். மும்பையிலிருந்து ஏறத்தாழ ஆறு மணி நேரம். அவர்கள் கடிகாரம் நம்முடையதைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது.

தை, மாசியில் போக நினைத்தால் ஒன்றை யோசியுங்கள். அது பூமியின் தென்பாதி. நமக்குக் குளிர் அடிக்கும் ஜனவரி முதல் மார்ச் வரை அங்கே வெயிலும் மழையும், கூடவே புயல் பயமும். மே முதல் அக்டோபர் வரை இதமான காலம். கடற்கரையில் சட்டை போதும். தீவின் நடுமேட்டில் இருக்கும் கியூர்பிப் ஊருக்குப் போனால் தளி, தேன்கனிக்கோட்டைக் குளிர் மாதிரி ஸ்வெட்டர் கேட்கும், தூறலும் உண்டு.

என் அத்தை ஒரு கூடை மாம்பழம் கட்டித் தந்தார்கள். கொண்டுபோகவில்லை. பழம், விதை, செடி எதற்கும் முன்அனுமதி வேண்டும். கரும்புத் துண்டுக்கு அடியோடு தடை. தீவின் பிழைப்பே கரும்பில் வளர்ந்தது, வெளிநோய் வந்துவிடக் கூடாது என்று பார்க்கிறார்கள். நியாயம்தானே.

அவர்கள் பணமும் ரூபாய்தான். நான் போனபோது அவர்களுடைய ஒரு ரூபாய் நம்முடைய இரண்டு ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. 2024 முதல் யுபிஐ வசதி இருக்கிறது, ஆனாலும் பஸ்ஸுக்கும் தெருக்கடைக்கும் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். நோட்டை வாங்கியதும் உற்றுப் பாருங்கள், தமிழிலும் தொகை அச்சாகியிருக்கும். 1998-ல் புதிய நோட்டில் தமிழுக்கு முன்னால் இந்தியைப் போட்டுவிட்டார்கள். அங்குள்ள தமிழர்கள் கொதித்தெழ, அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்று அடுத்த வருடம் பழைய வரிசைப்படியே அடித்தார்கள். நூறு ரூபாய் நோட்டில் இருக்கும் முகம் ரங்கநாதன் சீனிவாசன் என்ற தமிழ் வழக்கறிஞருடையது. டீக்கடை வெளிச்சத்தில் அந்த நோட்டை நானும் என் மனைவியும் ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தோம்.

தைப்பூசக் காவடிக்கு அங்கே அரசு விடுமுறை. ஓசூர், கிருஷ்ணகிரி தெலுங்குக்காரர்களும் கேட்டுக்கொள்ளுங்கள், உகாதிக்கும் விடுமுறை உண்டு.

கத்ர் போர்ன் ஊரில் கோர் த கார்ட் மலைச்சரிவில் முருகன் கோயில் இருக்கிறது. அங்கே ஒரு பாட்டியம்மா பெரிய எழுத்தில் அச்சடித்த தாளைப் பார்த்துத் திருப்புகழ் பாடிக்கொண்டிருந்தார்கள். எட்டிப் பார்த்தால், தமிழ்ப்பாட்டு ஆங்கில எழுத்தில் இருந்தது. அவர்கள் பேசுவது கிரியோல், பிரெஞ்சிலிருந்து கிளைத்த மொழி. தமிழில் 'வாங்க', 'சாமி', 'ரசம்' போலச் சில சொற்கள்தான் மிச்சம். ஆனால் சந்தம் ஓரிடத்திலும் தட்டவில்லை. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. கும்பிட்டேன், என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒரு முழு நாள் ரிசார்ட்டில் கிடப்பதற்குப் பதில் அரை நாள் இங்கே கொடுங்கள் என்று தம்பியிடம் அழுத்திச் சொன்னேன்.

கடலும் அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. தீவைச் சுற்றிப் பெரும்பகுதிக்குப் பவளப்பாறை அரண் இருப்பதால் கரையோரத் தண்ணீர் ஏரி மாதிரி அமைதியாக இருக்கும். தெற்கே கிரி கிரி பக்கம் அந்த அரண் இல்லை, அங்கே அலை இழுத்துவிடும். பார்த்துவிட்டு வந்துவிட வேண்டும், இறங்கக் கூடாது. மற்ற இடங்களிலும் காலில் ரப்பர் செருப்பு இல்லாமல் தண்ணீருக்குள் நடக்காதீர்கள். கல்மீன் என்று ஒன்று கல்லோடு கல்லாகக் கிடக்கும், அதன் முள்ளில் விஷம்.

போர்ட் லூயிஸ் துறைமுகத்தில், அந்த ஒப்பந்தக் கூலிகள் வந்திறங்கிய ஆப்ரவாசி காட் என்ற இடத்துக்குச் சனிக்கிழமை காலையிலேயே போய்விடுங்கள், ஞாயிறு மூடியிருக்கும். நுழைவுக் கட்டணம் இல்லை. 1834-லிருந்து ஏறத்தாழ நாலரை லட்சம் பேரைக் கூலிகளாக இந்தத் தீவில் இறக்கினார்கள். பீகார்ப் பக்கத்தவர்கள் அதிகம், சென்னைத் துறைமுகம் வழியாக வந்தவர்களும் நிறைய. துறையிலிருந்து மேலேறப் பதினாறு கல்படிகள். அவையும் அதே கறுப்புக் கல். ஐந்து வருட ஒப்பந்தம், ஆணுக்கு மாதம் ஐந்து ரூபாய் கூலி. மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் பஸ் ஏறும் நம் ஊர்க்காரர்கள்தான் எனக்கு ஞாபகம் வந்தார்கள். அங்கிருந்த ஊழியர் ஒருவர், வந்தவர்களின் பதிவேடுகளும் பலருடைய புகைப்படங்களும் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருப்பதாகவும், வாரிசுகள் வந்து தேடுவதாகவும் சொன்னார்.

வெளியே வந்தால் நடக்கிற தூரத்தில் மார்க்கெட். அங்கே தால் பூரி வாங்கிச் சாப்பிடுங்கள். கடலைப்பருப்பை வேகவைத்துப் பொடித்து உள்ளே வைத்துத் தேய்த்தது, நம் போளியிலிருந்து வெல்லத்தை எடுத்துவிட்ட மாதிரி. மெல்லிசாக, இரண்டிரண்டாகத்தான் தருவார்கள். உள்ளே அவரைக்கொட்டைக் குழம்பு, தக்காளித் தொக்கு, மேலே பச்சைமிளகாய்ச் சட்னி. காகிதத்தில் சுருட்டி நீட்டுவார்கள், நின்றுகொண்டே சாப்பிட வேண்டியதுதான். மிளகாய் வேண்டுமா என்று கேட்டால் தயங்காமல் தலையாட்டுங்கள், நம் ஊர்க் காரத்துக்குச் சரியாக இருக்கும்.