சிங்கப்பூர் சைனாடவுனில் தேநீர்க் கெண்டி வாங்கும் முன்: நீல ஈசிங்குக்குக் காசு கொடுக்காதீர்கள்

சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டுப் பக்கத்து டெம்பிள் தெருவுக்குள் திரும்பினால், நீலமும் கிளிப்பச்சையுமாகத் தேநீர்க் கெண்டிகள் கண்ணில் படும். அதையும் 'அசல் ஈசிங் மண்' என்று விற்பது அநியாயம்.

ஈசிங், மண் கெண்டிக்குப் பேர்போன சீனாவின் ஜியாங்சு மாநிலத்து ஊர். அந்த மண்ணுக்கு மெருகுப் பூச்சு கிடையாது. 1100 டிகிரிக்கு மேல் சூளையில் வேகும்போது மண்ணிலுள்ள இரும்பே நிறம் கொடுக்கும். ஊதா கலந்த பழுப்பு, செங்கல் சிவப்பு, சந்தன மஞ்சள் என்று அடங்கிய நிறங்கள்தான் வரும். பளிச்சென்ற நீலம் என்றால் கோபால்ட் ஆக்சைடு சேர்த்தது. சிவப்பு 'சூனி' மண் சூளையில் அதிகம் சுருங்கும், நிறைய விரிசல் விடும். விலை ஏறுவது அதனால்தான். 20 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) அசல் சூனி என்று யாராவது சொன்னால் நடையைக் கட்டுங்கள்.

கடையிலேயே தண்ணீர் கேளுங்கள். கெண்டியை நிரப்பி ஊற்றும்போது மூடித் துளையை விரலால் அடைத்தால் ஓட்டம் சட்டென நிற்க வேண்டும். நிற்காவிட்டால் மூடி சரியாகப் பொருந்தவில்லை. கெண்டியின் மூக்கடியில் ஒற்றைத் துளை இருந்தால் ஊலோங் என்ற சீனத் தேயிலை விரிந்து அடைத்துக்கொள்ளும். பல துளை உள்ளதை எடுங்கள். வெந்நீர் விட்டதும் ஷூ பாலிஷ் வாடை வந்தால், பழையது போலக் காட்டப் பூசியிருக்கிறார்கள்.

இருவருக்கு 120 மில்லி போதும். 6 கிராம் இலை. பெரிதாக வாங்கி இலையை வீணாக்காதீர்கள். இந்த மண் வாசனையை உறிஞ்சும், ஆகவே ஒரு கெண்டிக்கு ஒரே வகைத் தேயிலை. இஞ்சி, ஏலக்காய் போட்ட பால் டீயை இதில் ஊற்றவே கூடாது, பால் வாடை போகாது. அதற்குத் தேக்காவில் (லிட்டில் இந்தியா) கிடைக்கும் எவர்சில்வர் போதும்.

கையில் காசு குறைவா? வெள்ளைப் பீங்கான் வாங்குங்கள். எந்தத் தேயிலைக்கும் ஒத்துவரும், சோப்பும் போடலாம். நிறம்தான் வேண்டுமென்றால் அதுவும் பீங்கானில்தான் அழகு! ஆர்மீனியன் தெரு பெரனாக்கான் அருங்காட்சியகத்தில், பெரனாக்கான் எனப்படும் உள்ளூர்ச் சீன வம்சாவளியினர் பயன்படுத்திய நோன்யா பீங்கானின் ரோஜா நிறத்தையும் பச்சையையும் பார்க்காமல் ஊர் திரும்பாதீர்கள். இரும்புக் கெண்டி வாங்கினால் ஓர் எச்சரிக்கை: உள்ளே எனாமல் பூசிய ஜப்பானிய இரும்புக் கெண்டியை அடுப்பில் வைத்தால் பூச்சு வெடிக்கும், பிறகு துருதான்.

ஒரே கடையில் குறைந்தது 100 வெள்ளிக்கு வாங்கும் சுற்றுலாப் பயணிகள் 9 விழுக்காடு ஜிஎஸ்டியை விமான நிலையத்தில் திரும்பக் கேட்கலாம். கடை அந்த வரியைத் திரும்பத் தரும் திட்டத்தில் இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள். மூடியைத் தனியாகத் துணியில் சுற்றிக் கைப்பையில் வையுங்கள். வீட்டில் புது ஈசிங் கெண்டியைப் பச்சைத் தண்ணீரில் மூழ்க வைத்து, மெல்லக் கொதிக்கவிட்டு, அரைமணி கழித்து அதிலேயே ஆறவிடுங்கள். மூடியைத் திறந்தே காயவையுங்கள், மூடினால் பூஞ்சை பிடிக்கும்.