விழாத பிள்ளைக்கு ஏன் இரண்டாவது?

"இந்தப் பிள்ளை விழவே இல்லையே, பிறகேன் ரெண்டாவது?"

கைபேசியை மூக்குக்கு அருகில் பிடித்துக்கொண்டு அம்மம்மா கேட்டார். அவருக்கு ஐஸ் என்றால் திருகோணமலையில் மீன் பெட்டிக்குள் கொட்டுவது மட்டும்தான். அதன் மேல் ஒருத்தி ஆடுவதை இன்றுதான் பார்க்கிறார்.

2014 சோச்சி குளிர்கால ஒலிம்பிக். ஃபிகர் ஸ்கேட்டிங் என்ற பனிச்சறுக்கு ஆட்டத்தில் தென்கொரியாவின் கிம் யூனா.

நான் கணக்குச் சொன்னேன். தங்கம் வென்ற ரஷ்யாவின் அடெலினா சொட்னிகோவாவுக்கு 224.59, யூனாவுக்கு 219.11. சொட்னிகோவா ஒரு இடத்தில் இறங்கும்போது தடுமாறினார்தான். ஆனால் கடைசிச் சுற்றில் காற்றில் மும்முறை சுழன்று இறங்கும் தாவல்கள் அவருக்கு ஏழு, யூனாவுக்கு ஆறு.

அம்மம்மா அசையவில்லை.

"பாய்ஞ்சதை எண்ணலாம். கை எடுத்த வடிவை எப்பிடி எண்ணுவினம்?"

பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இந்தத் தீர்ப்பை எதிர்த்த இணைய மனுவில் கையெழுத்துப் போட்டதும் ஏறக்குறைய இதே கேள்வியோடுதான். எந்த நடுவர் எவ்வளவு போட்டார் என்பதுகூட அப்போது வெளியே தெரியாது. அந்த மறைப்பை 2016இல்தான் எடுத்தார்கள். எனக்கென்னவோ, தோற்றதைவிட யார் தோற்கடித்தார் என்று தெரியாததுதான் ரசிகர்களைக் கூடுதலாகச் சுட்டிருக்கும்.

ஒன்பதாம் வகுப்பில் நடனப் போட்டி ஒன்றில் எனக்கும் ஒரு புள்ளியால் முதலிடம் போனது. புள்ளித் தாளை மடித்தே வைத்திருந்தார்கள். அழுதுகொண்டே சலங்கை கழற்றினேன். (சரி, தில்லானாவில் தாளம் கொஞ்சம் பிசகியதும் உண்மை.)

அம்மம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

"நீயும் அண்டைக்கு விழேல்லைத்தானே. இன்னொருக்காப் போடு, பாப்பம்."